லடாக் பயணத்தில் முதல் மூன்று இரவுகளை வெட்டாதீர்கள்: சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து லடாக்குக்குக் குழுக்களை அழைத்துச் செல்லும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

இந்தப் பருவத்துக்கான உங்கள் விளம்பரங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிட்டன. படங்கள் புதிது, விலையும் புதிது. உள்ளே இருக்கும் திட்டம் மட்டும் அதே பழைய ‘ஐந்து இரவு, ஆறு பகல்’. முதல் நாள் காலை லேயில் இறங்கி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் சுற்றல். இரண்டாம் நாள் கார்துங் லா கணவாய் ஏறி நுப்ரா. மூன்றாம் நாள் ஷியோக் ஆற்றோரமாகப் பாங்கோங் ஏரி, இரவு ஏரிக்கரைக் கூடாரம். நான்காம் நாள் சாங் லா கணவாய் வழியாக லே. ஐந்தாம் நாள் சிந்துவும் சன்ஸ்காரும் கூடும் ஆற்றுச் சங்கம், காந்தக் குன்று, கடைவீதி. ஆறாம் நாள் விமானம்.

இதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க எங்களால் முடியவில்லை. இந்தப் பாதையில் எங்கே தலைவலி தொடங்கும், எந்த வளைவில் வாந்தி வரும், எந்த இரவில் மூச்சு முட்டும் என்பது அங்கே அடிக்கடி போய்வரும் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் வாடகைக்கு எடுக்கும் வண்டியின் ஓட்டுநருக்கும் தெரியும். ஆறாம் நாளில் செய்தால் பாதுகாப்பாக முடியும் காரியத்தை மூன்றாம் நாளில் செய்ய வைக்கிறீர்கள். எங்கள் குறை இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

உயரக் கணக்கைப் பாருங்கள். சென்னை கடல் மட்டத்தில் கிடக்கும் ஊர். லே நகரம் சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 65 சதவீதம்தான். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் ஒன்றே, 21 சதவீதம். ஆனால் அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைகிறது. மதியத்துக்கு மேல் மலைக்காற்று வலுக்கும், வெயில் ஏறினால் காற்று இன்னும் மெலியும் என்பதால் லேயில் விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் வந்து போகின்றன. ஆகவே உங்கள் பயணி முந்தின நாள் சென்னையில் ஏறி, இரவெல்லாம் டெல்லி விமான நிலைய நாற்காலியில் கழுத்தைச் சாய்த்துக் கிடந்து, தூங்காத உடம்போடு வந்து இறங்குகிறார். அன்று மதியமே அவரைச் சாந்தி ஸ்தூபியின் நூற்றுக்கணக்கான படிகளில் ஏற்றுகிறீர்கள்.

மறுநாள் காலை கார்துங் லா. உச்சியில் இருக்கும் பலகை 18,380 அடி என்று சொன்னாலும் உண்மை உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,600 அடிக்குச் சற்றுக் குறைவு. படம் எடுப்பவர்கள் பலகையை நம்பட்டும். திட்டம் போடும் நீங்கள் சரியான எண்ணை வைத்துக் கணக்கிடுங்கள். சரியான எண்ணே போதுமான அளவு பயங்கரமானது. லேயிலிருந்து 40 கிலோமீட்டர் ஓட்டத்தில் 1,850 மீட்டர் ஏற்றம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

உடம்பு இதற்குப் பழகுவது எப்படி என்று தெரிந்தால், ஏன் நாட்கள் தேவை என்பது புரியும். ஆக்சிஜன் குறைந்ததும் மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. காரம் கூடினால் ‘மூச்சைக் குறை’ என்று மூளை கட்டளை போடுகிறது. இந்த இழுபறியைத் தீர்ப்பது சிறுநீரகம். அது பைகார்பனேட்டைச் சிறுநீரில் வெளியேற்றி ரத்தத்தை நிதானத்துக்குக் கொண்டுவர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை இரவில்தான் நிலைமை மோசம்: தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று, பிறகு பெருமூச்சாக வரும், ஆக்சிஜன் அளவு பகலைவிட இறங்கும். அதனால்தான் மலை மருத்துவர்கள் பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் படுத்தோம் என்பதையே பார்க்கிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் படுக்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரு நாள் கூடுதல் ஓய்வு வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி.

இப்போது உங்கள் திட்டத்தில் இரவுகளை மட்டும் எடுத்து வையுங்கள். முதல் இரவு லே, 3,500. இரண்டாம் இரவு நுப்ராவில் ஹுண்டர் அல்லது டிஸ்கித், சுமார் 3,100. இது நல்ல இறக்கம், இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் இரவு பாங்கோங் கரையில் ஸ்பாங்மிக், 4,200 மீட்டருக்கு மேல். ஒரே நாளில் படுக்கும் உயரம் 1,100 மீட்டர் எகிறுகிறது. விதி சொல்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இதைவிடக் கவலை தரும் ஒன்று இருக்கிறது. உயரத்தில் நுரையீரலில் நீர் கோக்கும் நோய், பெரும்பாலும் வந்து இறங்கிய இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள்தான், இரவில் முற்றும். ஆக்சிஜன் குறைந்ததும் நுரையீரல் ரத்தக் குழாய்கள் சில இடங்களில் கடுமையாகச் சுருங்கி, மற்ற இடங்களில் அழுத்தம் ஏறி, நீர் காற்றறைகளுக்குள் கசிகிறது. உங்கள் திட்டத்தில் அந்த இரண்டாம், மூன்றாம் இரவுகள் எங்கே விழுகின்றன? லேயில் பெரிய மருத்துவமனை இருக்கிறது, உயர நோய்களைப் பார்த்துப் பழகிய மருத்துவர்கள் இருக்கிறார்கள். அங்கே தொடக்கத்தில் ஒரே ஓர் இரவுதான் வைக்கிறீர்கள். ஆபத்தான இரவுகள் வந்ததும் பயணியை எடுத்துக்கொண்டு போய் ஏரிக்கரையில், பெரிய மருத்துவமனையிலிருந்து ஐந்து மணி நேரத் தொலைவில் படுக்க வைக்கிறீர்கள்.

இந்திய ராணுவம் இதே மண்ணில் பல்லாண்டுகளாக வைத்திருக்கும் முறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 9,000 முதல் 12,000 அடி வரை முதல் கட்டம், ஆறு நாள். அதில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு, பிறகு சமதள நடை, பிறகு சிறு ஏற்றம். 12,000 முதல் 15,000 அடி வரை இரண்டாம் கட்டம், நான்கு நாள். அதற்கு மேல் மூன்றாம் கட்டம், இன்னும் நான்கு நாள். பாங்கோங் கரை ஏறக்குறைய 14,000 அடி. இருபது வயது சிப்பாய்க்கு அந்த உயரத்துக்குப் போகும் முன் ஆறு நாள் கொடுக்கிறார்கள். நீங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு இரண்டு நாள் கொடுக்கிறீர்கள். சுற்றுலாப் பயணி சுமை தூக்கி நடப்பதில்லை, உண்மைதான். ஆனால் நுரையீரல் வேலை பார்க்கும் விதம் இருவருக்கும் ஒன்றே. உடல் வலிமை இதற்குக் கவசமும் இல்லை. தினமும் ஓடுகிற இளைஞர்கள்தான் ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்று முதல் நாளே ஓடியாடி முதலில் விழுகிறார்கள்.

‘யாருக்காவது முடியாமல் போனால் கீழே இறக்கிவிடுவோம்’ என்று சொல்கிறீர்கள். பாங்கோங்கிலிருந்து எப்படி இறக்குவீர்கள்? லேக்கு வரும் நேர்ப்பாதை சாங் லா வழியாக. அதன் உயரமும் சுமார் 5,360 மீட்டர். கீழே போவதற்கு முதலில் 1,100 மீட்டர் மேலே ஏற வேண்டும். மூச்சு விட முடியாதவரை இரவில், பனி உறைந்த சாலையில், காற்று இன்னும் மெலிந்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குப் பெயர் இறக்குவது இல்லை. சரியான வழி, முதலில் தாங்ட்சே ஆரம்ப சுகாதார மையம். ஏரியைவிட ஏறக்குறைய 300 மீட்டர் தாழ்வு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கே ஆக்சிஜன் கொடுத்து நிலைப்படுத்திய பிறகே கணவாய். கணவாயே வேண்டாம் என்றால் துர்புக், ஷியோக் வழியாக நுப்ரா பக்கம் இறங்கி டிஸ்கித் மருத்துவமனைக்குப் போகலாம். அந்தச் சாலையில் உயரக் கணவாய் கிடையாது. ஆனால் கோடையில் மதியத்துக்கு மேல் பனியாறு உருகி ஓடைகளில் வெள்ளம் வரும், கல் சரியும். இந்த இரண்டு வழிகளையும் உங்கள் டூர் மேனேஜர் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

மணாலி வழியாகச் சாலைப் பயணம் நடத்துபவர்களிடம் இதே கேள்வியைச் சர்ச்சுவைக் காட்டிக் கேட்கிறோம். மணாலி 2,050 மீட்டர். முதல் இரவு ஜிஸ்பா, 3,200. இரண்டாம் இரவு சர்ச்சு, ஏறக்குறைய 4,300. ஒரு பக்கம் 4,890 மீட்டர் பாரலாச்சா லா, மறுபக்கம் காட்டா வளைவுகள் இருபத்தொன்றையும் ஏறினால் நகீ லாவும் அதன் பின் 5,000 மீட்டர் தாண்டிய லாச்சுங் லாவும். நடுவில் பள்ளத்தாக்கில் கூடாரம். எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம்தான். மாட்டிக்கொண்டால் வெளியே வர வழியில்லாத இடம் என்றால் அது சர்ச்சு. அங்கே இரவு தங்க வைப்பதற்கு ஒரே காரணம், தூரத்தைச் சரிபாதியாகப் பிரிக்க அது வசதியாக இருப்பதுதான். உடம்புக்குக் கிலோமீட்டர் கணக்கு தெரியாது.

அறிகுறி வந்தபின் குழுக்களில் நடப்பது இன்னொரு வேதனை. தலைவலி, குமட்டல், சாப்பாடு பிடிக்கவில்லை. ‘ஒண்ணுமில்லப்பா, பித்தம்தான், படுத்தா சரியாயிடும்.’ நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் முதலில் வரும் சொல் இது. உயரத்தில் தலைவலியோடு குமட்டல், அசதி, கிறுகிறுப்பு இவற்றில் ஒன்று சேர்ந்தாலே அது உயர நோய் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அது இருக்கும்வரை ஓரடியும் மேலே போகக்கூடாது. இருமல் வந்தால் சளி என்று கசாயம் கொடுக்கிறார்கள். முதலில் வறட்டு இருமல், நாலடி நடந்தால் மூச்சு வாங்கல், பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கல், மார்பில் காதை வைத்தால் கொப்பளிக்கும் சத்தம், உதட்டில் நீலம், கடைசியில் இளஞ்சிவப்பு நுரை. இந்த வரிசையில் இரண்டாம் படியிலேயே வண்டியைக் கிளப்ப வேண்டும். மூளை வீங்கும் நோய்க்குச் சோதனை இன்னும் எளிது: குதிகால் மறு காலின் பெருவிரலைத் தொட, நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். குடித்தவர் போல் தள்ளாடினால், பேச்சு குழறினால், விடியும்வரை காத்திருக்க நேரமில்லை.

அப்போது நீங்கள் நீட்டுவது துணியில் முடிந்த கற்பூரம். கற்பூரம் மூக்கில் குளிர்ச்சியைத் தரும், மூச்சுக்குழாய் திறந்தது போன்ற உணர்வைத் தரும். ரத்தத்தில் ஒரு துளி ஆக்சிஜனைக் கூட்டாது. ஆறுதலாக இருக்கிறது என்று நோயாளி இன்னும் இரண்டு மணி நேரம் பொறுத்துக்கொள்வதுதான் அதன் விளைவு. சிறு குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் வலிப்பே வரும். அடுத்தது, வாசனைத் தெளிப்பான் டப்பா போன்ற ஆக்சிஜன் கேன். அதில் பத்து லிட்டர் அளவு இருந்தால் நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஐந்து நிமிடம் வரும். நோயாளிக்குத் தேவைப்படுவது மணிக்கணக்கில்.

வண்டியில் இருக்க வேண்டியது ‘பி’ வகை சிலிண்டர். அதன் கொள்ளளவு 10 லிட்டர். 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 4 லிட்டர் கொடுத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும், பாங்கோங்கிலிருந்து லே வரை தாங்கும். ஆனால் முன்னே போன குழு பயன்படுத்திவிட்டு, அழுத்தமானியின் முள் 50இல் நின்றால் உள்ளே 500 லிட்டர்தான், இரண்டு மணி நேரம். சாங் லா உச்சியில் தீர்ந்துபோகும். காலையில் கிளம்பும் முன் யாராவது அந்த முள்ளைப் பார்க்கிறார்களா? சிலிண்டர் இருக்கும், திறக்கும் சாவி இருக்காது. சாவி இருக்கும், ரெகுலேட்டருக்குள் போடும் வாஷர் இருக்காது. மூட்டில் ‘உஸ்’ என்று கசிந்து பாதி வீணாகும். ரெகுலேட்டர் இருக்கும், மூக்குக் குழாய் வேறு வண்டியில் இருக்கும். சிலிண்டரைக் கட்டாமல் சீட்டுக்கு அடியில் உருள விட்டிருப்பார்கள். சாவி, வாஷர் இரண்டு, ரெகுலேட்டர், மூக்குக் குழாய், முகமூடி எல்லாம் ஒரே பையில் சிலிண்டர் கழுத்திலேயே தொங்க வேண்டும். தினமும் காலையில் திறந்து, குமிழ் ஏறுகிறதா என்று பார்த்து, மூடி, முள் காட்டும் எண்ணைத் தாளில் எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிரில் விறைத்த விரலிலும் நகப்பூச்சு பூசிய விரலிலும் அது தாறுமாறாகக் காட்டும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் ஒரே இடத்தில் நின்றபின் குறியுங்கள். லேயில் முதல் நாள் பலருக்கு 90க்குக் கீழே காட்டுவது சகஜம், அதற்காகப் பதற வேண்டாம். அதே நேரம், எண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, வாந்தி எடுப்பவரை வண்டியில் ஏற்றாதீர்கள். எண்ணும் ஆளும் முரண்பட்டால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

அசிட்டசோலமைடு, அதாவது நீங்கள் டையமாக்ஸ் என்று சொல்லும் மாத்திரையை, லேயில் இறங்கியபின் மிட்டாய் போலக் கையில் கொடுக்கிறீர்கள். அது சிறுநீரகத்தின் பைகார்பனேட் வேலையை விரைவுபடுத்தும் மருந்து. ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று. சல்பா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாமாக எடுக்கக்கூடாது. விரல் நுனி மரமரப்பு, அடிக்கடி சிறுநீர், இவை பக்க விளைவுகள் என்று முன்பே சொல்லாவிட்டால் பயணி பயந்து பாதியில் நிறுத்திவிடுவார். எழுதிக் கொடுக்க வேண்டியவர் ஊரில் இருக்கும் மருத்துவர், டூர் மேனேஜர் இல்லை. ‘ஐந்து லிட்டர் தண்ணீர் குடியுங்கள்’ என்று மிரட்டுவதையும் நிறுத்துங்கள். மூன்று லிட்டர் போதும். அதற்கு மேல் வெறும் தண்ணீராக ஊற்றினால் உப்புச் சத்து நீர்த்து, அதுவே தலைவலியும் வாந்தியும் தரும். பிறகு எது எது என்று யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு உங்கள் வண்டி ஏற்பாட்டில் இருக்கிறது. ஒரு டெம்போ டிராவலரில் பன்னிரண்டு பேர். ஒருவருக்கு முடியாமல் போனால் அவரை இறக்க அந்த ஒரு வண்டிதான். அப்படியென்றால் மற்ற பதினொரு பேரின் பாங்கோங்கும் போச்சு. பணம் கட்டி வந்த பதினொரு முகங்கள் எதிரே இருக்கும்போது, தலை வெடிக்கிறது என்று எந்த அம்மா வாயைத் திறப்பார்? ஜன்னலோரம் சாய்ந்து, சேலைத் தலைப்பை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்பார். தனி வண்டி வேண்டுமானால் செலவு பயணியுடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வைத்திருக்கிறீர்கள். அந்த ஒரு வரி, நோயை மறைக்கச் சொல்லும் வரி.

லடாக் நிர்வாகமே வந்து இறங்குபவர்கள் குறைந்தது 48 மணி நேரம் லேயில் ஓய்வெடுக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. உங்கள் திட்டம் அதைப் பாதியாக்குகிறது. பனியால் டெல்லி–லே விமானம் ஒரு நாள் ரத்தானால், அந்த இழந்த நாளையும் ஓய்விலிருந்துதான் கழிக்கிறீர்கள். ஏரிக்கரைக் கூடாரத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது என்பது காரணம்.

நாங்கள் கேட்பவை இவை.

லேயில் முதல் மூன்று இரவுகளைக் கட்டாயமாக்குங்கள். முதல் நாள் அறையை விட்டு வெளியே போவது சாப்பிட மட்டும். இரண்டாம் நாள் சிந்துவும் சன்ஸ்காரும் கூடும் நிம்மு சங்கம், பாஸ்கோ, அல்ச்சி. அல்ச்சி லேயைவிடத் தாழ்ந்த ஊர், சுமார் 3,100 மீட்டர். பல நூற்றாண்டுச் சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. லடாக்கின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்றை ஓய்வு நாளிலேயே காட்டலாம் என்பது உங்கள் தொழிலுக்கும் நல்லது. மூன்றாம் நாள் திக்சே, ஹெமிஸ் மடங்கள். நான்காம் நாள் நுப்ரா, அங்கே இரண்டு இரவு. பிறகுதான் பாங்கோங், ஓர் இரவு. மறுபடி லே ஓர் இரவு. மொத்தம் ஏழு இரவு. ஐந்து இரவுதான் விற்க முடியும் என்றால் பாங்கோங்கை எடுத்துவிடுங்கள். அரைகுறையாக எல்லாவற்றையும் காட்டுவதைவிட நுப்ராவை நிதானமாகக் காட்டுவது மேல்.

சாலை வழிப் பயணம் என்றால் ஸ்ரீநகர் வழியாக உள்ளே, மணாலி வழியாக வெளியே. ஸ்ரீநகர் 1,585, சோனாமர்க் 2,740, கார்கில் 2,676, பிறகு லே. வழியில் மிக உயரமான ஃபோட்டு லாவே 4,108 மீட்டர்தான். திரும்பும்போது உடம்பு பழகியிருக்கும், சர்ச்சு அச்சுறுத்தாது. மணாலி வழியாகவே ஏற வேண்டிய கட்டாயம் இருந்தால் ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கி, விடியும் முன் கிளம்பி ஒரே நாளில் லே போய்ச் சேருங்கள். இடுப்பு ஒடியும்தான், ஆனாலும் சர்ச்சுவில் படுப்பதைவிட அது நல்லது.

கார்துங் லா, சாங் லா உச்சிகளில் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். ‘மேலே போகக்கூடாது, திரும்பலாம்’ என்று லடாக்கி ஓட்டுநர் சொன்னால் அதுவே முடிவு; டூர் மேனேஜர் எதிர்த்துப் பேசக்கூடாது என்று எழுத்தில் கொடுங்கள்.

ஒவ்வொரு குழுவோடும் காலியாக ஒரு சிறு வண்டி வர வேண்டும். நோயாளியை இறக்கும் செலவு பயணக் கட்டணத்துக்குள் அடங்க வேண்டும். அந்த ஒப்பந்த வரியை நீக்குங்கள்.

பணம் வாங்கும் முன் மருத்துவப் படிவம் வாங்குங்கள்: இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா, சர்க்கரை, கர்ப்பம், ரத்தசோகை, முன்பு உயரத்தில் நோய்ப்பட்ட அனுபவம். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே காணப்படும் அரிவாள் அணுக் கூறு (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல் வளையக்கூடிய பரம்பரைக் கூறு) உள்ளவர்களுக்கு உயரத்தில் மண்ணீரல் பாதிக்கப்படலாம், அதையும் கேளுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு எண் வேண்டும் என்பதைக் கிளம்பும் அன்று சொல்லாமல் முன்பதிவிலேயே சொல்லுங்கள்.

அடுத்து அச்சடிக்கும் விளம்பரத்தில் ஒவ்வொரு நாளுக்கு எதிரேயும் அன்றிரவு படுக்கும் உயரத்தை மீட்டரில் போடுங்கள். ஹோட்டல் நட்சத்திரத்தைப் போடும் அதே எழுத்து அளவில்.

இந்தப் பருவத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காசு செலவில்லாமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஐந்தாம் நாளை, அந்தச் சங்கம், காந்தக் குன்று, கடைவீதி நாளை, அப்படியே தூக்கி இரண்டாம் நாளாக வையுங்கள். முதல் நாள் மதிய ஊர் சுற்றலை அடித்துவிடுங்கள். தொடக்கத்தில் லேயில் ஓர் இரவு கூடும், நுப்ரா மூன்றாம் நாளாகும். நான்காம் நாள் ஏரியைக் காட்டிவிட்டு, இரவு தாங்ட்சேக்கு இறங்கி வந்து படுக்க வையுங்கள். கூடார முன்பணம் போனால் போகட்டும். திருத்திய திட்டத்தைப் பணம் கட்டிய ஒவ்வொருவருக்கும் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னதாக எழுத்தில் அனுப்புங்கள். வேண்டாம் என்பவருக்குப் பிடித்தம் இல்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
லடாக் மலைப்பாதைகளில் தொடர்ந்து பயணிக்கும் தமிழர்கள்